பதினொரு விநாடி

இரத்தினவடிவேலர் செத்தது
வியாழன் விடிய நாலு பத்துக்கு.
என் சேர்வர் ஓடுவது கிரின்விச் நேரத்தில்.
அதற்கு அப்போது புதன் இரவு பத்து நாற்பது.
நாற்பது வருசம் பஸ் நிலையத்தில்
நேரம் குறித்துக் கொடுத்த மனிதரை
ஒரு நாள் முந்தியே அனுப்பிவிட்டுப்
படத்துக்கு மாலையும் போட்டுவிட்டது.
கொழும்பிலிருந்து மருமகன் கத்தினார்:
"திதியெல்லோ பிழைக்கப்போகுது, பிள்ளை!"
ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினேன்.
வியாழனுக்கு வந்து சேர்ந்தார்.

கந்தர்மடத்து வீட்டில்
மாமரத்தில் ஒரு ரவுட்டர், கிணற்றடியில் மற்றது.
இரண்டுக்கும் எட்டாத ஒரே இடம்
பெட்டி வைத்த விறாந்தை.
"லைவ் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்கோ"
என்று யாரோ சொல்ல யாரோ கொண்டுவந்தார்கள்.
ஆறிப்போய் எறும்பு மிதக்கும்வரை
வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஸ்பீக்கரில் ஓடிய புல்லாங்குழலுக்கு
அடுத்த நாள் ஏதோ ஒரு கம்பனி உரிமை கோரியது.
நாற்பது விநாடி ஊமையாக்கிவிட்டார்கள்.
மூத்த மகள் வந்து விழுந்த நாற்பது விநாடி.
வாய் திறந்திருக்கிறது.
பக்கத்தில் ஒருத்தி அவள் தோளைப் பிடிக்கிறாள்.
சத்தமில்லை.
முறையீடு அனுப்பினேன்;
முப்பது நாள் பொறுக்கச் சொல்லி
ஒரு நன்றி வந்தது.

எட்டுச் செலவன்று மகன் கேட்டார்,
"எத்தினை பேர் பாத்தவை?"
நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்றது திரை.
பாதி மனிதரில்லை.
ஆளில்லாத குளிர் மண்டபங்களிலிருந்து
இரவிரவாக வரும் இயந்திரங்கள்,
பக்கத்தை மோந்துபார்த்துவிட்டுப் போகும்;
செத்தவீடா கலியாணவீடா என்று தெரியாது.
மீதியில்
கைபேசியில் ஒருவர், கணினியில் அவரே,
வேலைக்குப் போகும் ரயிலில் மூன்றாம் தரமும் அவரே.
"ஆயிரத்துக்கு மேலை" என்றேன்.
அவர் பக்கத்திலிருந்தவரிடம்
"நாலாயிரம்" என்றார்.

அவருக்கு நான் காட்டாத வரைபடம் ஒன்று உண்டு.
எந்த நிமிடத்தை எத்தனை தரம் பார்த்தார்கள் என்பது.
உப்பளம்போல் தட்டையாய்க் கிடக்கும் கோட்டில்
ஒரே ஓர் இடத்தில் கோபுரம்:
இரண்டு மணித்தியாலம் பதினேழாம் நிமிடம்.
படம் உறைந்துபோன இடம்.
பதினொரு விநாடி
பெட்டி விறாந்தைப் படியில் நிற்கிறது.
பிறகு பார்த்தால் றோட்டில் போகிறது.
அறுபத்து மூன்று தரம்
அதே படிக்கு இழுத்துவந்து பார்த்திருக்கிறார்கள்.
ஊர்: திரம்மன், நோர்வே.
எல்லாம் ஒரே கருவி.
இளையவள் சிவதாரணிக்கு விசா கிடைக்கவில்லை என்று
செத்தவீட்டில் கதைத்துக்கொண்டார்கள்.

"இணைப்புக் கோளாறு" என்று அறிக்கையில் எழுதினேன்.
எல்லாரும் கேள்வியில்லாமல் ஏற்கும் சொல்.
இணைப்பு விழவில்லை.
நான் விழுந்தேன்.
தூக்கியவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் போகையில்
காலில் வயர் சிக்கி,
குரோட்டன் பாத்திக்குள்.

நேற்று இரவு ஒரு மணிக்குத் திரையைத் திறந்தேன்.
இப்போது பார்ப்பவர்: 1.
வீடியோவின் கீழே தட்டினேன்:

பெட்டி படலையில் ஒருக்கால் முட்டியது.
முன்னால் பிடித்தவர் மெல்ல, மெல்ல என்றார்.
சிவப்பு நாய் ஒன்று எழும்பி வழிவிட்டது.
உங்கள் அக்கா பெட்டியைத் தொட்டுவிட்டுக்
கையை எடுக்கவில்லை;
யாரோ எடுத்துவிட்டார்கள்.
வேறொன்றும் நடக்கவில்லை.
படம் நின்றது என்னால்.

சேமித்தேன்.
பழைய பிரதியைத்தான் அங்கே காட்டும் என்று நினைவு வர
தேக்கி வைத்ததையெல்லாம் துடைத்தேன்.

1 அசையாமல் நின்றது.
வெகுநேரம்.
பிறகு 0.
எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வர
மறுபடி 1.
ஊர் தெரியவில்லை என்றது.
இயந்திரமாகவும் இருக்கலாம்.